வண்டியைக் கழுவாமல் கொண்டு போ

தம்பி,

ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு அந்தப் பக்கம் இருக்கும் உனக்குக் கடிதம் எழுதுகிறேன். அதற்காக முதலில் இந்த அம்மாவைப் பொறுத்துக்கொள். எழுந்து வந்து கதவைத் தட்டி நேரிலேயே சொல்லலாம்தான். ஆனால் என்னை உனக்குத் தெரியும். வாயைத் திறந்து பாதி தூரம் வந்ததும், "ஒண்ணுமில்லப்பா, சாப்பிட்டியா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிவிடுவேன். பேனா கையில் இருந்தால் அப்படித் திரும்பி ஓடத் தோன்றுவதில்லை. இதை எழுதி முடித்ததும் மடித்து உன் ஹெல்மெட்டுக்குள் வைத்துவிடுவேன். அப்பாவின் ஹெல்மெட்டில் ஒருமுறை பல்லி இருந்ததைப் பார்த்ததிலிருந்து, உள்ளே எட்டிப் பார்க்காமல் நீ ஹெல்மெட்டைத் தலையில் மாட்டியதே இல்லை. அதனால் நிச்சயம் உன் கண்ணில் படும்.

அடுத்த மாதம் உனக்குக் கல்யாணம். அதற்குள் வேண்டும் என்று ஆசைப்பட்டு ஒரு புது மோட்டார் சைக்கிள் வாங்கினாய். வாங்கியதிலிருந்து அது நினைத்த இடத்தில் நிற்கிறது. கடைக்காரர்கள் ஒவ்வொரு முறையும் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று திருப்பி அனுப்புகிறார்கள். சனிக்கிழமை நீ தொலைபேசியில் அவர்களிடம் கத்தினாயே, "வண்டியில குறையே இல்ல, ஓட்டுறவங்க தப்புன்னு எப்படி எழுதிக் குடுப்பீங்க?" என்று, அப்போது நான் சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உன்னைப் பார்த்துச் சிரித்தேன் என்று கோபித்துக்கொண்டு கதவைச் சாத்தினாய். உன்னைப் பார்த்து இல்லை தம்பி. நீ படித்துக் காட்டிய அந்த வாக்கியத்தைக் கேட்டுத்தான் சிரித்தேன். வண்டியில் குறை இல்லை, ஓட்டுபவரின் கவனக்குறைவே காரணம், ஆகவே உத்தரவாதம் செல்லாது. என் கல்யாணத்துக்கு முன்னால் மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டு அந்த வாக்கியத்தைத் தட்டச்சு செய்தவளே நான்தான்.

நானும் உன் அப்பாவும் ஒரு மோட்டார் சைக்கிள் கம்பெனியில் சந்தித்தோம் என்பதுவரை உனக்குத் தெரியும். மீதியை யாரும் உனக்குச் சொன்னதில்லை. உன் பெரிய அத்தை போட்ட தடை அது. போன வாரம் பத்திரிகை வைக்கப் போனபோது அவரே சிரித்துக்கொண்டு, "சொல்லித் தொலை. அவன் பொண்டாட்டிக்கு எப்படியும் ஒருநாள் தெரியத்தானே போகுது" என்று தடையை நீக்கிவிட்டார்.

தஞ்சோங் பகார் துறைமுகத்தில் சரக்கு இறக்கும் வேலையில் இருந்த உன் தாத்தாவுக்கு ஒரே ஓர் ஆசைதான். அவருடைய மகள் பட்டம் வாங்கி டீச்சராக வேண்டும். பட்டம் வாங்கினேன். எங்கள் குடியிருப்பில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான்தான், ஆணையும் பெண்ணையும் சேர்த்து. ஆனால் டீச்சர் வேலைக்கு முன்னோட்டமாக ஒரு வகுப்பு எடுக்கச் சொன்னார்கள். நாற்பது பிள்ளைகளின் கண்களையும் ஒருசேரப் பார்த்ததும் எனக்குக் கரும்பலகை பக்கம் திரும்பிக்கொள்ளத் தோன்றியது. திரும்பிக்கொண்டேன். மணி அடிக்கும்வரை அந்தக் கரும்பலகைக்குத்தான் பாடம் நடத்தினேன். எனக்குப் பின்னால் பிள்ளைகள் என்ன செய்தார்கள் என்று இன்றுவரை தெரியாது. அதன்பிறகு பேசவே தேவையில்லாத ஒரு வேலையாகத் தேடி, லவண்டர் ஸ்திரீட்டில் ஜப்பான் மோட்டார் சைக்கிள் விற்கும் ஒரு கம்பெனியில் கடிதம் எழுதும் கிளார்க்காகச் சேர்ந்தேன். தாத்தா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. "பி.ஏ. படிச்ச புள்ள மோட்டார் சைக்கிள் கடையில உக்காந்திருக்குன்னு நான் யார்கிட்ட போய்ச் சொல்வேன்?" என்றார். அந்த நாட்களில் யாருக்குமே நான் பதில் சொன்னதில்லை.

வேலை எனக்குப் பிடித்திருந்தது. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் என் மேசை. கண்ணாடியில் கை நுழைகிற அளவுக்கு ஒரு திறப்பு. புது வண்டி வாங்கி ஆறு மாதத்துக்குள் பழுதானால் கம்பெனி இலவசமாகச் சரிசெய்து தரும். அதற்காக வருபவர்களின் குறையை ஒரு வரியில் எழுதிப் பட்டறைக்கு அனுப்பவேண்டும். பட்டறை சொல்வதைக் கடிதமாக்கி வாடிக்கையாளருக்கு அனுப்பவேண்டும். அவ்வளவுதான் வேலை. பேசுகிற பொறுப்பையெல்லாம் பக்கத்தில் உதிரிபாகக் கிடங்கைக் கவனித்த காதர் பாய் எடுத்துக்கொண்டார். நாகூர்க்காரர். யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டார். எனக்கு அவர் வைத்த பெயர் 'பி.ஏ.'. "என்ன பி.ஏ., இன்னிக்கு வாயைத் திறக்கிற உத்தேசம் உண்டா?" என்று தினமும் கேட்பார். நான் சிரிப்பேன். அதுதான் எங்கள் காலை வணக்கம். பட்டறையின் தலைவர் திரு. டான். தமிழர்கள் நிறைந்த தேக்காவிலேயே பிறந்து வளர்ந்த சீனர் என்பதால் ஆங்கிலம், மலாய், தமிழ் மூன்றையும் ஒரே வாக்கியத்தில் போட்டுக் கலக்குவார். நல்ல மனிதர், ஆனால் பொறுமை இல்லாதவர். அவரைச் சொல்லியும் குற்றமில்லை. சங்கிலிக்குத் தேங்காயெண்ணெய் போட்டுவிட்டு எறும்பு மொய்க்கிறது என்று புகார் கொடுத்தவரை எல்லாம் அவர் பார்த்திருந்தார். பேசாத ஆளுக்குப் பார்க்க நிறைய நேரம் இருக்கும். கண்ணாடிக்குப் பின்னால் இருந்துகொண்டு நான் எல்லாரையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்படித்தான் உன் அப்பாவைப் பார்த்தேன். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. அதைவிடப் பளபளப்பாக வண்டி. செம்பவாங் கடற்படைத் தளத்தில் ஃபிட்டராக வேலை. தேக்கா பக்கம் பஃபலோ ரோட்டில் அக்கா வீட்டில் தங்கி, தினமும் அவ்வளவு தூரம் போய்வர அந்த வண்டியை வாங்கியிருந்தார். உடன் வேலை செய்தவர்கள் எல்லாரும் இங்கிலீஷ் வண்டிக்காரர்கள். ஜப்பான் வண்டி என்றாலே அவர்களுக்குத் தகர டப்பா. போதாக்குறைக்கு அது வழியில் நின்றும் போனால் சும்மா விடுவார்களா?

"ஓடும் சார், நல்லாத்தான் ஓடும்" என்று காதர் பாயிடம் சொன்னார். காதர் பாயையும் சார் என்றுதான் கூப்பிட்டார். "தாம்சன் ரோட்டுக்கிட்ட போனதும் இருமும். அப்புறம் நின்னுடும். பெட்ரோல் இருக்கான்னு மூடியைத் திறந்து பாப்பேன். இருக்கும். மூடிட்டு உதைச்சா கெளம்பிடும். அப்புறம் நீ சூன் ரோட்டுக்கிட்ட மறுபடியும் நிக்கும்."

"ஆக, வேலைக்குப் போற வழியில ரெண்டு எடத்துல டீ குடிக்குது" என்றார் காதர் பாய்.

"சிரிக்காதீங்க சார். இன்னொரு தடவை லேட்டா வந்தா வர வேண்டாம்னு ஃபோர்மேன் சொல்லிட்டாரு."

டான் வண்டியை எடுத்து ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். ஒன்றுமில்லை. அடுத்த வாரமும் வந்தார் உன் அப்பா. அன்றும் அதே வெள்ளைச் சட்டை, அதே பளபளப்பு. கார்புரேட்டரைக் கழற்றிப் பார்த்தார்கள். ஒன்றுமில்லை. மூன்றாவது முறை வந்தபோது டானுக்குப் பொறுமை போய்விட்டது. "வண்டி புதுசு, நல்ல வண்டி லா. இந்த ஆளுக்கு ஓட்டத் தெரியலை" என்று சொல்லிவிட்டு என் மேசைக்கு வந்து, அந்த வாக்கியத்தைக் கடிதமாக அடித்து வைக்கும்படி சொன்னார். உன் அப்பா சனிக்கிழமை வந்து அதை வாங்கிக்கொள்ள வேண்டும். அதில் கையெழுத்தாகிவிட்டால் அப்புறம் அந்த வண்டியை யாரும் தொடமாட்டார்கள். நிற்கிற வண்டி நின்றுகொண்டே இருக்கும். வேலையும் போய்விடும். கடிதத்தை அடித்தேன். அடித்துக்கொண்டிருக்கும்போதே கண்ணாடி வழியாகப் பார்த்தேன். உன் அப்பா கைக்குட்டையை எடுத்து, கீழே உட்கார்ந்து, சக்கரத்தில் தெறித்திருந்த ஒரு பொட்டுச் சேற்றைத் துடைத்தார். இவ்வளவு கவனமாக இருக்கிறவரைப் பற்றிக் கவனக்குறைவு என்று அடிக்கிறோமே என்று எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது. ஆனாலும் அடித்து முடித்தேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. வேலை முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில் சிராங்கூன் ரோட்டுக் கோவிலில் இறங்கினேன். சாமி கும்பிட்டு, அர்ச்சகர் கொடுத்த சந்தனத்தை இலைத்துண்டில் மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தால், செருப்பு விடும் இடத்துக்குப் பக்கத்தில் அதே வண்டி நிற்கிறது. முதலில் எனக்கு அடையாளமே தெரியவில்லை. கம்பெனியில் நான் பார்த்தது மாப்பிள்ளை மாதிரி பளபளவென்று இருந்த வண்டி. இங்கே நின்றதோ ஹேண்டில்பாரில் பூமாலை, கண்ணாடியில் எலுமிச்சம்பழம், பெட்ரோல் தொட்டியின் மூடிமேல் தோசை மாதிரி ஒரு சந்தனம், அதன் நடுவில் குங்குமம். பக்கத்தில் ஓர் அம்மா அந்தச் சந்தனத்தின்மேல் இன்னும் சந்தனம் அப்பிக்கொண்டிருந்தார். உன் அப்பா கையைப் பிசைந்துகொண்டு நின்றார். நான் சட்டென்று ஒரு பூக்கடைக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டேன். ஆனால் அந்த அம்மாவின் குரலுக்கு ஒதுங்க இடம் ஏது?

"போன வாரம் லேசா வெச்சேன்டா, அதான் நின்னுருச்சு. இந்த வாரம் நல்லா கெட்டியா வெக்கிறேன், பாரு."

"போதும்க்கா. அதுக்கு முந்தின வாரமும் இதத்தான் சொன்னே."

"நீ சும்மா இரு. கண்ணு பட்ட வண்டி இது. எதுத்த வீட்டுக்காரி பாத்த பார்வை எனக்குத் தெரியாதா? நாளைக்குக் கம்பெனிக்குப் போறப்ப மட்டும் எல்லாத்தையும் சுத்தமாக் கழுவிட்டுப் போ. ஆபீஸ்காரங்க சிரிப்பாங்க."

அந்த அம்மாதான் உன் பெரிய அத்தை. வண்டி நிற்க நிற்க அவர் சந்தனத்தைக் கூட்டினார் என்பது அப்போது புரிந்தது. அவர் கூட்டக் கூட்ட வண்டி இன்னும் அதிகமாக நின்றது என்பது அப்போது எனக்குப் புரியவில்லை. ஏதோ ஒன்று மனசில் உறுத்தியது, அவ்வளவுதான்.

சனிக்கிழமை காலை அவசரமாகக் காப்பி கலக்க ஒரு புதுப் பால் டின்னை எடுத்துக் குத்தினேன். உனக்குத் தெரியுமே, கெட்டிப்பால் டின்னில் எதிரும் புதிருமாக இரண்டு ஓட்டை போடவேண்டும். அன்று அவசரத்தில் ஒன்றுதான் போட்டிருந்தேன். கவிழ்த்தால் ஒரு சொட்டு வந்து, அதோடு நின்றுபோனது. குலுக்கினேன். இன்னொரு சொட்டு. உள்ளே காற்று போக வழியில்லாமல் பால் எப்படி வெளியே வரும் என்று என்னையே திட்டிக்கொண்டு இரண்டாவது ஓட்டையைப் போட்டேன். பால் கொட்டியது. நான் கோப்பையைப் பார்க்கவே இல்லை. பால் நிரம்பி வழிய, உன் பாட்டி வந்து டின்னைப் பிடுங்கும்வரை அப்படியே நின்றேன்.

பஸ்ஸைப் பிடித்துக் கம்பெனிக்கு எல்லாருக்கும் முன்னால் போய்விட்டேன். காட்சிக்கூடத்தில் புது வண்டிகள் வரிசையாக நின்றன. யாரும் இல்லை. ஒவ்வொரு வண்டியாகக் குனிந்து பெட்ரோல் மூடியைப் பார்த்தேன். எல்லா மூடியிலும் நடுவில் குண்டூசி முனை அளவுக்கு ஒரு துளை இருந்தது, பால் டின்னின் இரண்டாவது ஓட்டை மாதிரி. அதுவரை எத்தனையோ வண்டிகளைப் பற்றிக் கடிதம் எழுதியிருக்கிறேன், ஒரு வண்டியையாவது இவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை. கடைசி வண்டியின் அருகில் நின்றபோது, யாரும் இல்லையே என்ற துணிச்சலில் இரண்டு கையாலும் அதன் கைப்பிடிகளைப் பிடித்துப் பார்த்தேன். குளிர்ந்து, கெட்டியாக, நன்றாக இருந்தது. வாசலில் காலடிச் சத்தம் கேட்டதும் கையை எடுத்துவிட்டேன். இதை நினைவில் வைத்துக்கொள். பிறகு இதற்கு வருகிறேன்.

உன் அப்பா வந்தார். சொல்லவே வேண்டாம், வண்டி குளித்துத் தலை சீவி வந்திருந்தது. டான் கடிதத்தைக் கேட்டுக் கையை நீட்டினார். காதர் பாய், பட்டறைப் பையன்கள், காத்திருந்த வாடிக்கையாளர்கள் என்று கூட்டம். கண்ணாடிக்குள்ளிருந்து நான் கடிதத்தை நீட்டியிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். எனக்குக் கை வரவில்லை. அந்த நேரத்தில் எனக்கு இரண்டு பயம். பேசினால் இத்தனை பேருக்கு முன்னால் தப்பாகப் போய்விடுமோ என்று ஒன்று. பேசாவிட்டால் இவருடைய வேலை என் தட்டச்சில் போய்விடுமே என்று இன்னொன்று. இரண்டாவது பயம் கொஞ்சம் பெரிதாக இருந்தது. கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தேன். தைரியம் என்று நீ நினைத்துக்கொள்ளாதே. கைப்பையையும் கடிதத்தையும் ஒன்றாக மார்போடு அணைத்துக்கொண்டுதான் வந்தேன்.

"வண்டி நிற்கும் சார்" என்றேன் டானிடம். "கழுவினா நிற்காது. கழுவாம இருந்தா நிற்கும்."

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். "அடடா, பி.ஏ. பேசுது!" என்றார் காதர் பாய்.

அதற்குமேல் எனக்கு வார்த்தை வரவில்லை. அதனால் கைப்பையைத் திறந்தேன். கோவிலில் கொடுத்த சந்தனத்தை எடுத்து, நேராக உன் அப்பாவின் வண்டியிடம் போய், மூடியின் நடுவில் அந்தத் துளைமேல் கெட்டியாக ஒரு பொட்டு வைத்தேன். அத்தை வைப்பதைப் போலவே தோசை அளவுக்கு. உன் அப்பாவின் முகம் சிவந்துவிட்டது. கழுவி மறைத்து வைத்திருந்த குடும்ப ரகசியத்தை ஒரு கிளார்க் பெண் இப்படி நடு வீதியில் போட்டால்?

காதர் பாய்தான் முதலில் வாயைத் திறந்தார். "ஏம்மா பி.ஏ., வண்டிக்கு வெக்கிறியா, வண்டிக்காரருக்கு வெக்கிறியா? வெத்தலை பாக்கு எடுத்தாரட்டுமா?"

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. டான் சிரிக்கவில்லை. "என்ன லா இது, மோட்டார் வண்டிக்கு மருந்தா?" என்று கேட்டார். "ஓட்டிப் பாருங்க சார்" என்றேன். அவர் ஏறிப் போனார். தெருவைச் சுற்றிக்கொண்டு அதே வேகத்தில், அதே சத்தத்தோடு திரும்பி வந்து இறங்கினார். வண்டி இருமக்கூட இல்லை. மறுபடியும் சிரிப்பு. இந்த முறை அது என்னைப் பார்த்து. டான் கடிதத்துக்காகத் திரும்பவும் கையை நீட்டினார்.

தம்பி, முதல்முறை பேசுவது ஒன்றும் பெரிதில்லை. பேசித் தோற்றபின் இரண்டாம் முறை வாயைத் திறப்பதுதான் கஷ்டம். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்போது உன் அப்பா சொன்னார், "சார், பக்கத்துல போனா நிக்காது. தூரம் போகணும். அவங்க சொல்றது சரியாத்தான் இருக்கும், இன்னும் ஒரு தடவை பாருங்க." நான் என்ன சொல்கிறேன் என்றே அவருக்கு அப்போது தெரியாது. ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று பின்னாளில் கேட்டேன். "அவ்வளவு பேர் சிரிச்சும் நீ உள்ள ஓடலையே, அதான்" என்றார்.

"தூரம் போங்க சார்" என்று நானும் சொன்னேன். "நின்னா மூடியைத் திறக்காதீங்க. அப்படியே கொண்டாங்க."

"பெட்ரோல் யார் அப்பன் வீட்டுது லா?" என்று முணுமுணுத்துக்கொண்டே டான் மறுபடியும் போனார். இந்த முறை திரும்பி வரவில்லை. நாங்கள் எல்லாரும் தெருமுனையையே பார்த்துக்கொண்டு நின்றோம். காதர் பாய்கூட ஜோக் அடிக்கவில்லை. வெகுநேரம் கழித்து முனையில் ஒரு தலை தெரிந்தது. டான் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். சட்டை முழுக்க வியர்வை. பாலஸ்டியர் ரோட்டில் நின்றுவிட்டதாம். வண்டியை நிறுத்தி, எல்லாரையும் கிட்டே கூப்பிட்டு, மூடியை மெல்லத் திருகினார். 'உஸ்ஸ்' என்று காற்று உள்ளே போகிற சத்தம் எல்லாருக்கும் கேட்டது. மூடியை அப்படியே திறந்து வைத்து ஓர் உதை உதைத்தார். வண்டி பாடிக்கொண்டு கிளம்பியது.

டான் என்னிடமிருந்து கடிதத்தை வாங்கி நான்காகக் கிழித்தார். பிறகு தலையைச் சொறிந்துகொண்டு, "சந்தனம் வாரண்டில வருமா, வராதா?" என்று காதர் பாயைக் கேட்டார். "ஜப்பானுக்குத் தந்தி அடிச்சுக் கேளுங்க" என்றார் காதர் பாய்.

திங்கட்கிழமை காலை ஒரு தூக்குச்சட்டியோடு உன் பெரிய அத்தை கம்பெனிக்குள் நுழைந்தார். "யாரு அது, என் சந்தனத்தைக் குத்தம் சொன்ன பொண்ணு?" காதர் பாய் ஒரு விரலால் என்னைக் காட்டிவிட்டுக் கிடங்குக்குள் மறைந்துவிட்டார். "நான் வெச்ச சந்தனத்தாலதான் வண்டி நின்னுதுன்னு சொன்னியாமே?" என்று கண்ணாடித் திறப்பில் முகத்தை வைத்துக் கேட்டார். "சந்தனம் நிறுத்தலைங்க. அது இருந்த இடம்தான். முன்விளக்கு மேல வெச்சா எவ்வளவு கெட்டியா வெச்சாலும் ஓடும்" என்றேன். அத்தை யோசித்தார். "விளக்குக்கா? அதுவும் சரிதான். வீட்டுலயும் விளக்குக்குத்தானே வெக்கிறோம்." தூக்குச்சட்டியைத் திறப்பில் நுழைக்கப் பார்த்தார், நுழையவில்லை. "வெளிய வா புள்ள. உங்க அப்பா எங்க வேலை பாக்குறாரு?" என்றார். நான் வெளியே வந்தேன். கம்பெனி வண்டிகளைச் சோதித்ததைவிடக் கவனமாக என்னை மேலும் கீழும் பார்த்தார்.

அப்புறம் டான் ஓர் அறிவிப்பை எழுதச் சொன்னார். தமிழில், பெரிய எழுத்தில், வாசலில் மாட்டுவதற்கு. பூஜை போடும் அன்பர்கள் சந்தனத்தையும் குங்குமத்தையும் முன்விளக்கின் மேல் வைக்கவும், பெட்ரோல் மூடியில் வைக்க வேண்டாம். ஊர் படிக்க நான் எழுதிய முதல் எழுத்து அதுதான். தாத்தா கேள்விப்பட்டு, வேலைச் சட்டையோடு தஞ்சோங் பகாரிலிருந்து பஸ் ஏறி வந்தார். உள்ளே வரவில்லை. வாசலில் நின்றுகொண்டு, வருகிற போகிற ஆட்களை எல்லாம் நிறுத்தி, எழுத்துக்கூட்டி அதைப் படித்துக் காட்டினார். படிக்கத் தெரிந்தவர்களுக்கும் படித்துக் காட்டினார். அதன்பிறகு நான் டீச்சராகவில்லை என்று அவர் குறைப்பட்டதே இல்லை.

பெண் பார்க்க அத்தையும் உன் அப்பாவும் எங்கள் வீட்டுக்கு வந்தபோது பாட்டி என்னை அலங்கரித்து உட்காரவைத்து, எல்லாச் சமையலும் தெரியும் என்று சொல்லும்படி படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். நான் உன் அப்பாவைப் பார்த்தேன். இஸ்திரி போட்ட அதே வெள்ளைச் சட்டை. கழுவிய வண்டி நினைவுக்கு வந்துவிட்டது. "எனக்கு ரசம் மட்டும்தான் வைக்கத் தெரியும்" என்று சொல்லிவிட்டேன். பாட்டிக்கு மயக்கமே வந்தது. உன் அப்பா, "எனக்குக் காலையில எழுந்திருக்கவே வராது. வேலைக்கு லேட்டா போனதுல பாதி நாள் வண்டி மேல பழி போட்டதுதான்" என்றார். அத்தை தலையில் அடித்துக்கொண்டார். அந்த ஐந்து நிமிடத்தில் நாங்கள் தெரிந்துகொண்டது, பின்னால் வந்த எத்தனையோ வருடங்களைச் சிரித்துக் கடக்கப் போதுமானதாக இருந்தது.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். கடைக்குப் போகுமுன் ஒவ்வொரு முறையும் நீ வண்டியைத் துடைத்து மெருகு ஏற்றுவதைப் பார்க்கிறேன். அதோடு, நீயாகவே வாங்கி மாட்டிய அந்தப் பெரிய ஹார்னைக் கழற்றி, அலமாரிக்கு அடியில் சப்பாத்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டுப் போவதையும் பார்க்கிறேன். வேறு ஹார்ன் மாட்டினால் வாரண்டி போய்விடும் என்று யாரோ பயமுறுத்தியிருப்பார்கள். கடையிலிருந்து திரும்பியதும் மறுபடியும் மாட்டுகிறாய். ஒருநாள்கூடத் தவறியதில்லை, அது மாட்டியிருக்கும் நாட்களில்தான் வண்டி நிற்கிறது. அவர்களிடம் போகும்போது நிற்பதில்லை. அந்த ஹார்ன் பாட்டரியைக் குடிக்கிறதோ என்னவோ, பார்த்துச் சொல்வது அவர்கள் வேலை. நாளைக்கு அழுக்கோடும் ஹார்னோடும் அப்படியே கொண்டு போய் நிறுத்து. கத்தாதே. நீ செய்ததை நீயே முதலில் சொல். சிரிப்பார்கள். சிரித்துவிட்டுச் சரிசெய்வார்கள். கல்யாணத்துக்கும் தனியாக ஒன்றும் சொல்லப் போவதில்லை. வரப்போகிறவளுக்கு முன்னால் எதையும் கழற்றிப் பெட்டிக்குள் வைக்காதே, அவ்வளவுதான். உனக்குக் காலையில் எழுந்திருக்க வராது என்பதை நான் ஏற்கனவே அவளிடம் சொல்லிவிட்டேன்.

கடைசியாக ஒன்று. இதற்காகத்தான் உட்கார்ந்தேன், மற்றதெல்லாம் தானாக வந்தது. கல்யாணமான நாளிலிருந்து அப்பாவின் பின்னால் புடவையோடு ஒருபக்கமாக உட்கார்ந்து, அவர் தோளைப் பிடித்துக்கொண்டு இந்த ஊர் முழுக்கச் சுற்றியிருக்கிறேன். ஓட்டக் கற்றுத் தருகிறேன் என்று அவரும் சொல்லிக்கொண்டேதான் இருந்தார். முதலில் புடவை தடுத்தது, பிறகு நீ பிறந்தாய், பிறகு பார்ப்பவர்கள் என்ன சொல்வார்களோ என்ற கூச்சம். அந்தக் காட்சிக்கூடத்தில் கைப்பிடியை விட்டேனே, அதற்குப் பிறகு ஒரு வண்டியின் கைப்பிடியை நான் பிடித்ததே இல்லை. உன் வண்டி சரியாகி வந்ததும், ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிந்த கையோடு, நம் அடுக்குமாடி புளோக்குக்குப் பின்னால் கார் நிறுத்துமிடம் காலியாக இருக்கும்போது என்னைக் கூட்டிக்கொண்டு போ. தேக்காவில் ஒரு சல்வார் தைக்கக் கொடுத்து வாங்கி வைத்திருக்கிறேன். நிறம் தேர்ந்தெடுத்தது உன் வருங்கால மனைவி. ஒரே ஒரு சுற்று போதும். முதல் கியரைத் தாண்டமாட்டேன். சந்தனத்தை முன்விளக்குமேல் அத்தையே வந்து வைக்கிறாராம். நீ பின்னால் உட்கார்ந்து என் தோளைப் பிடித்துக்கொள். சாவியை என் கையில் கொடு.

அம்மா